நாகர்கோட்டில் இரண்டு காலைகள்

நவம்பர் 7, 1972. செவ்வாய். பத்துபஸ்தி, அந்தமான்.

காலையிலிருந்து மழை. தகரக் கூரைச் சத்தத்தில் பேச்சு எதுவும் காதில் விழவில்லை. கப்பல் வியாழக்கிழமை என்று ரேடியோவில் சொல்லிவிட்டார்கள். ஏற்கெனவே இரண்டு தடவை தள்ளிப்போட்டாயிற்று. இன்னும் தள்ளினால் என் லீவு கப்பலுக்குக் காத்தே தீர்ந்துவிடும்.

கட்ட வேண்டியவை: கம்பளி இரண்டு, பக்கத்து வீட்டு வங்காளி மாஷியிடம் இரவல் (இந்தத் தீவில் கம்பளி வைத்திருக்கும் ஒரே ஜீவன்). தேங்காய், பசுபதிநாதருக்கு. தேங்காய் எண்ணெய் ஒரு பாட்டில். புளிக்காய்ச்சல். தீபாவளி முறுக்கு மிச்சம். இவருடைய மாத்திரை. குடை. அந்த ஊரில் இந்த மாதம் மழை கிடையாதாம். மழை இல்லாத நவம்பரா? குடையும் வருகிறது.

லீவுக் கடிதத்தை வாங்கிக்கொண்டு ஹெ.எம். கேட்டாள், மெயின்லேண்டையே பார்த்து முடிக்கவில்லை, அதற்குள் நேபாளமா என்று. சிரித்து வைத்தேன். ஏற்பாடெல்லாம் சேகர் (அவசரத்தில் எழுதினால் சே.). கல்கத்தாவில் வேலையிலிருக்கும் பிள்ளைக்கு அம்மா மேல் திடீர்க் கரிசனம். ஐந்தாம் வகுப்புக்கு இமயமலை நடத்திக்கொண்டே இருக்கிறாயே, ஒரு தடவை நேரில் பார்த்துவிட்டு நடத்து என்று எழுதியிருந்தான். நியாயம்தான். பனி என்று நான் பார்த்தது ஐஸ் ஃபாக்டரியில் மீனுக்குப் போடும் கட்டி மட்டும்.

ஆனால் காரணம் அது மட்டும் இல்லை. எழுதிவிடுகிறேன். இவர் செய்தித்தாள் படிப்பதையே விட்டுவிட்டார், என் டைரியையா படிக்கப் போகிறார்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் திக்லிபூர் டியூட்டியில் ஒரு ஜுரம் வந்தது. அதற்குப் பிறகு இவர் பழைய மனிதர் இல்லை. ஆயுசு முழுக்க ஃபெர்ரிப் படகு ஓட்டிய சாரங். திடீரென்று படகு வேண்டாம், ஸ்டோர் வேலை போதும் என்று தானே கேட்டு வாங்கிக்கொண்டார். ஊரே ஆச்சரியப்பட்டது. இந்த மார்ச்சில் ரிட்டயர். இப்போது ஆட்களையே மறக்கிறார். போன மாதம் பஜாரில் சொந்தச் சித்தப்பா மகன் எதிரே சிரித்துக்கொண்டு வருகிறான், இவர் மரத்தைத் தாண்டுவது போலத் தாண்டிப் போகிறார். டீயை டம்ளருக்கு வெளியே ஊற்றுகிறார். கேட்டால் "அட விடு டீச்சர்" என்று ஒரு சிரிப்பு. ஜுரம் தலைக்கு ஏறினால் இப்படித்தான் என்கிறார்கள் ஆளாளுக்கு.

சேகர் லீவில் வந்தபோது இதையெல்லாம் பார்த்துவிட்டு என்னைத் தனியே அழைத்துச் சொன்னான், அப்பாவுக்குப் புத்தி தடுமாறுகிறது, வீட்டை விற்றுவிட்டு இரண்டு பேரும் கல்கத்தா வந்துவிடுங்கள் என்று. மூன்றாம் மாடி, இரண்டு அறை. ஜன்னலைத் திறந்தால் எதிர் வீட்டுச் சுவர். கடல் இல்லாமல் இவர் ஒரு வாரம் தாங்க மாட்டார். எனக்கோ இன்னும் சர்வீஸ் கிடக்கிறது. பயணம் முடியட்டும், பதில் சொல்கிறேன் என்றேன்.

ஆக, மலை பார்க்கப் போகிறேன் என்று பெயர். நான் பார்க்கப் போவது இவரைத்தான்.

நவம்பர் 9. வியாழன். கப்பலில்.

ஏறியாயிற்று. பங்க் வகுப்பு. மேல் படுக்கை எனக்கு, கீழ்ப் படுக்கை இவருக்கு. நாப்தலின், டீசல், யாரோ உரித்த ஆரஞ்சு, மூன்றும் சேர்ந்து ஒரு வாசனை.

ஜெட்டியில், கப்பல் அணையும் துறையில், வழியனுப்பக் கூட்டம். இவரைத் தெரியாதவர்கள் உண்டா இந்த ஊரில். "அரே சாரங், கிதர் ஜாதா?" எங்கே பயணம் என்று இந்தப் பக்கம் ஒரு குரல், அந்தப் பக்கம் ஒரு குரல். ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைத்து, வீட்டில் பிள்ளைக்கு உடம்பு தேவலையா என்பது வரை விசாரித்தார். எனக்கு நெஞ்சு குளிர்ந்தது. அடுத்த நிமிஷம் என் தங்கை கூட்டத்துக்குப் பின்னால் நின்று கையை ஆட்டினாள். இவர் அவளை நேராகப் பார்த்துக்கொண்டே நிற்கிறார், முகத்தில் ஒரு அசைவில்லை. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. இது என்ன மறதி, ஆள் பார்த்து வருகிறது?

நவம்பர் 11. சனி. கடல்.

நேற்று முழுக்க எழுத முடியவில்லை. ஆட்டம். எங்கள் அறையில் எல்லோரும் சுருண்டு கிடந்தோம், இவர் மட்டும் புளிச்சாதத்தைப் பிசைந்து நிம்மதியாகச் சாப்பிட்டார். முந்தாநாளே சொன்னார், காற்று மாறுகிறது, நாளைக்கு ஆடும் என்று. நடுப்பகலில் தலையைச் சாய்த்து எதையோ கேட்டுவிட்டு, ஒரு இஞ்சினைக் குறைத்துவிட்டார்கள் என்றார். கப்பல் ஆள் வந்து சொன்னது அதற்குப் பிறகுதான். இவருக்கா புத்தி தடுமாறுகிறது? சேகர் வரட்டும், நாலு வார்த்தை கேட்கிறேன் என்று கறுவிக்கொண்டேன்.

சாயங்காலம் கழிவறைக்குப் போனவர் திரும்பி வந்து, எங்கள் வரிசையைத் தாண்டி, ஒரு தெலுங்குக்காரம்மாவின் படுக்கையில் போய் உட்கார்ந்து செருப்பைக் கழற்றிவிட்டார். அந்தம்மா போட்ட சத்தம் கப்பல் முழுக்கக் கேட்டிருக்கும். நான்தான் ஓடிப்போய்க் கையைப் பிடித்து அழைத்து வந்தேன். "எல்லா பங்க்கும் ஒரே மாதிரி இருந்தா மனுசன் என்ன செய்வான்" என்றார். சிரிக்கவும் செய்தார். நான் மேலே ஏறிப் படுத்துக்கொண்டேன். அழுகை வந்தது, அழுதேன்.

நவம்பர் 13. திங்கள். கல்கத்தா.

தரை. கால் இன்னும் ஆடுகிறது.

துறைமுக வாசலில் சேகர். வெள்ளைச் சட்டை, புதிதாக மீசை. இவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவனை உரசாத குறையாகத் தாண்டிப் போனார். பெற்ற பிள்ளையை. அவன் "அப்பா" என்று கூப்பிட்டதும் சட்டென்று திரும்பி, பெட்டியை அப்படியே கீழே போட்டுவிட்டு, அவனைக் கட்டிக்கொண்டார். முகத்தையெல்லாம் தடவினார். மீசை எப்போதிலிருந்து என்று கேட்டார்.

அவர் தோளுக்கு மேலாக சே. என்னைப் பார்த்தான். பார்த்தாயா என்கிற பார்வை. சொல்லவும் வேண்டாம்.

நவம்பர் 16. வியாழன். காத்மாண்டு.

ரயில், எல்லையில் ஒரு குதிரை வண்டி, அப்புறம் பகல் முழுக்க பஸ். அந்தப் பாதையை என்ன சொல்ல. வளைவு, வளைவு, வளைவு. கப்பலில் வராத வாந்தி பாக்கி இருந்தது, இங்கே வந்துவிட்டது. காது அடைத்துக்கொண்டு குப்பென்று விட்டது. கணவாய் உச்சியில் நிறுத்தி, அதோ பனிமலை என்று டிரைவர் கையைக் காட்டினார். அங்கே முழுக்க மேகம். எல்லோரும் மேகத்தைப் பார்த்துவிட்டு வண்டியில் ஏறினோம்.

கடிகாரத்தைப் பத்து நிமிஷம் முன்னால் தள்ளி வைக்க வேண்டுமாம். இந்த நாட்டுக்கென்று தனி நேரம்.

குளிர். இதைக் குளிர் என்று சொல்லாமல் நம் ஊர் டிசம்பரைக் குளிர் என்று சொல்லிக்கொண்டிருந்தோமே. மாஷிக்குக் கோடி புண்ணியம்.

நவம்பர் 17. வெள்ளி.

வழக்கம்போல விடியற்காலை எழுந்து உட்கார்ந்திருந்தேன். விடியவில்லை. நம் ஊரில் இந்நேரம் பள்ளிக்கூடப் பிள்ளைகள் தெருவில் போவார்கள். இங்கே சூரியன் பெரிய அதிகாரி மாதிரி மெதுவாக வருகிறான். அதற்குள் ஒரு வேலை பார்த்தேன். தலைவார எண்ணெய் பாட்டிலை எடுத்தால் உள்ளே வெள்ளையாகக் கட்டி. கெட்டுவிட்டது, கடைக்காரன் கொழுப்பைக் கலந்து கொடுத்துவிட்டான் என்று திட்டிக்கொண்டே லாட்ஜ் பின்பக்கச் சாக்கடையில் பாட்டிலோடு எறிந்துவிட்டேன். அப்புறம் சே. வந்து, அம்மா, குளிரில் தேங்காய் எண்ணெய் உறையும் என்றான். எனக்கு எப்படித் தெரியும்? எங்கள் ஊரில் எது உறைந்தது? இவர் சிரித்த சிரிப்பில் பக்கத்து அறைக்காரர் எட்டிப் பார்த்தார். இப்படி இவர் சிரித்து ரொம்ப நாள் ஆகிறது. எண்ணெய் போனால் போகட்டும்.

பசுபதிநாதர் கோயில். தங்கக் கூரை, வெள்ளிக் கதவு, நாலு முகச் சிவன். நந்தி அம்மாடி எவ்வளவு பெரிது, வாசலில் நுழைந்தால் முதலில் தெரிவது அவருடைய பின்பக்கம்தான். இவர் நந்தியின் பீடத்தை இரண்டு கையாலும் தடவிக்கொண்டே ஒரு சுற்று வந்தார். எல்லோரும் பார்க்கிறார்கள், எனக்குக் கூச்சம். தேங்காயைக் கொடுத்தோம். எந்த ஊர்த் தேங்காய் என்று அர்ச்சகர் ஹிந்தியில் கேட்டார். அந்தமான் என்றதும் "காலாபானி?" என்று ஒரு தடவை எங்களை ஏற இறங்கப் பார்த்தார். கைதிகள் தப்பி வந்துவிட்டார்கள் என்று நினைத்திருப்பார்.

நவம்பர் 18. சனி.

சுயம்புநாத். குன்று உச்சியில் பழைய ஸ்தூபி. செங்குத்தான படி, குரங்குகள். சே. நடுவில் உட்கார்ந்துவிட்டான். இவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்காமல் மேலே. ஸ்தூபியில் நாலு பக்கமும் வரைந்த கண்கள். எங்கே போனாலும் நம்மையே பார்க்கிற மாதிரி. தப்புப் பண்ணாமலே பயம் வந்தது எனக்கு. சுற்றிலும் செப்பு உருளைகள், கையால் சுழற்றிக்கொண்டே போக வேண்டும். இவருக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. ஒன்றையும் விடாமல் சுழற்றி ஒரு சுற்று, மறுபடி ஒரு சுற்று.

மேலேயிருந்து ஊரைப் பாருங்கப்பா என்று சே. காட்டினான். ஆமா ஆமா என்றார். அது என்ன கட்டடம் தெரிகிறதா என்றான். ஆமா ஆமா. அவன் விடாமல் எதையெதையோ கேட்க, இவர் எல்லாவற்றுக்கும் ஆமா ஆமா. பரீட்சை வைக்காதே என்று அவனை அதட்டினேன். நானும் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன், வாய்விட்டுக் கேட்பதில்லை, அவ்வளவுதான்.

நவம்பர் 19. ஞாயிறு.

இன்றைக்கு எழுதவே பிடிக்கவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

பாட்டன் என்ற பக்கத்து ஊருக்குப் போனோம். ஆற்றுக்கு அந்தப் பக்கம், மேட்டில் பழைய ராஜாக்களின் ஊர். சதுக்கம் முழுக்கக் கோயில்கள். முழுக்கக் கல்லால் கட்டிய கிருஷ்ணன் கோயில் ஒன்று, சுற்றிலும் பாரதக் கதை செதுக்கியிருக்கிறது. நானும் சேகரும் அதை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தோம். திரும்பினால் இவர் இல்லை.

சதுக்கத்தை மூன்று தடவை சுற்றினோம். ஒவ்வொரு கோயிலாக ஏறி இறங்கினோம். முற்றம், சந்து, வெண்கலப் பாத்திரக் கடைகள். சே. போலீஸ்காரரிடம் ஓடினான். நான் நடுத்தெருவில் நின்று இவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்தில் இவர் பெயரை நான் உரக்கச் சொன்னது இன்றைக்குத்தான். வெயில் சாய ஆரம்பித்துவிட்டது. உடம்பில் ஒரு சட்டை, கம்பளி என் கையில்.

கடைசியில் ஒரு காய்கறிக்காரர் சொன்னார், குட்டையாக, வெள்ளை வேட்டிக்காரர் ஒருவர் கீழே ஆற்றுப் பக்கம் போனார் என்று. ஓடினோம். சந்து இறக்கமாகவே போய்ப் படித்துறையில் முடிந்தது. அங்கே படியில் உட்கார்ந்திருந்தார். முள்ளங்கி கழுவுகிற ஒரு கிழவியோடு ஹிந்தியில் பேச்சு. அவளுக்கு ஹிந்தி தெரியாது. இவருக்கு அதைப் பற்றிக் கவலையும் கிடையாது.

என்னங்க, எங்கே போனீங்க என்றேன்.

"எங்கயும் போகல. ஜெட்டிலதான உக்காந்திருந்தேன். எப்படியும் வருவீகன்னு தெரியும்."

ஜெட்டி. கடலுக்கு எத்தனையோ மைல் தள்ளி, மலை நாட்டில், ஜெட்டி. சேகரின் முகம் செத்துப்போயிற்று. நான் கம்பளியைப் போர்த்திவிட்டேன். என் கைதான் அவரைவிடச் சில்லிட்டிருந்தது.

நவம்பர் 20. திங்கள்.

எங்கும் போக வேண்டாம் என்று நினைத்தேன். இவர்தான், வந்தது வந்தோம், சும்மா கிடப்பதா என்று கிளம்பினார். புத்தநீலகண்டம். பெயர்தான் புத்தரும் சிவனும். குளத்துக்குள் கருங்கல் பெருமாள், பாம்பின் மேல் மல்லாந்து படுத்திருக்கிறார். மூக்குக்குச் சந்தனம், மேலெல்லாம் சாமந்தி. தண்ணீர்ச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு இவர் அங்கேயே நின்றார். இந்த ஊரில் தண்ணியில் இருக்கிறவர் இந்தப் பெருமாள் ஒருத்தர்தான் போல என்றார். நன்றாகத்தான் பேசுகிறார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

திரும்பி வந்ததும் சே. பக்கத்தில் உட்கார்ந்து நிதானமாகப் பேசினான். கோபமில்லாமல். கல்கத்தாவில் நரம்பு டாக்டர் ஒருவரைப் பார்த்து வைத்திருக்கிறானாம். நீ பள்ளிக்கூடத்தில் இருக்கும்போது அப்பா இப்படிக் கிளம்பிப் போய்க் கடலில் இறங்கினால் என்னம்மா செய்வாய் என்று கேட்டான்.

சரி என்று சொல்லிவிட்டேன். வீட்டை விற்கலாம். ஜனவரியில் வேலையை விடலாம். சொல்லிவிட்டு வெளியே வராந்தாவில் போய் நின்றேன். வாசலில் நட்ட செம்பருத்தி, மாஷி வீட்டு வேலி, ஏரோப்ளேன் இறங்கும்போது கிண்கிண் என்று ஆடும் எங்கள் பாத்திர அலமாரி, எல்லாம் போயிற்று. மனசு ஆறவில்லை.

இவரிடம் இன்னும் சொல்லவில்லை.

நவம்பர் 21. செவ்வாய்.

எங்கே ஆரம்பிப்பது. முறையாகவே எழுதுகிறேன்.

விடிவதற்கு முன் ஜீப். நாகர்கோட் மேடு. அங்கேயிருந்துதான் சூரிய உதயத்தில் பனிமலை வரிசை முழுசாகத் தெரியும். எனக்கு ஆசையே செத்துவிட்டது. ஏற்கெனவே பேசி வைத்த ஜீப், அதனால் போனோம். புல்மேட்டில் பதினைந்து இருபது பேர், எல்லோரும் போர்வைக்குள். ஒரு டீக்கடை. வெளுக்க ஆரம்பித்தது. திடீரென்று எல்லோரும் சேர்ந்து மூச்சை இழுத்தது கேட்டது. சே. என் தோளைப் பிடித்து, அம்மா அங்கே பார், அங்கே பார் என்கிறான். ஜீப் டிரைவர் வரிசையாகச் சிகரங்களின் பெயரைச் சொல்கிறார்.

நான் இவரைப் பார்த்தேன். பழகிப்போய்விட்டது.

எல்லோரும் வடக்கே பார்த்து நிற்கிறார்கள். இவர் மட்டும் கிழக்கே. மலை இல்லாத பக்கம், வெளிச்சம் வரும் பக்கம். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, தலையை ஆட்டி ஆட்டி, நல்லா இருக்கு, நல்லா இருக்கு என்கிறார்.

எனக்குள் ஒரு சந்தேகம் எழுந்தது. மெதுவாக, காலடி கேட்காமல், புல்மேல் நடந்து அவருக்கு நேர் எதிரே போய் நின்றேன். ஒரு முழ தூரம்கூட இருக்காது. மூச்சைப் பிடித்துக்கொண்டேன். ஒன்றும் இல்லை. கண் என் மேல்தான் இருக்கிறது, என்னைத் தாண்டிப் போகிறது. கையை ஆட்டினேன். ஒன்றும் இல்லை. அப்புறம், சிறுபிள்ளைகள் வகுப்பில் என் முதுகுக்குப் பின்னால் செய்வார்களே, அப்படி, இரண்டு காதையும் இழுத்துப் பிடித்து, நாக்கை முழுசாக நீட்டிக் காட்டினேன். சர்க்கார் பள்ளிக்கூட ஆசிரியை.

"ரொம்ப அழகா இருக்கு" என்றார் இவர்.

அவ்வளவுதான். சிரித்தேன். நிற்கவில்லை. சிரித்துக்கொண்டே அழுதேன், புல்லிலேயே உட்கார்ந்துவிட்டேன். சே. ஓடி வந்தான், அம்மாவுக்கும் போயிற்று என்று நினைத்திருப்பான். எனக்கு அதைச் சொல்ல வாய் வரவே நேரமாயிற்று. தடுமாறுறது புத்தி இல்லைடா, கண்ணு. உங்கப்பாவுக்குக் கண்ணு தெரியல.

டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து இவர் எல்லாம் சொன்னார். முதலில் கொஞ்சம் முரண்டு. அப்புறம் கொட்டிவிட்டார். ஜுரத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, அதற்கு முன்னாலேயே ஆரம்பம். பகலில் எல்லாம் மூடுபனிக்குள் இருக்கிற மாதிரி. ஆள் நிழலாகத் தெரியும், முகம் தெரியாது, குரலை வைத்துத்தான் கண்டுபிடிப்பது. படகை ஏன் விட்டீர்கள் என்று கேட்டேன்.

"ஒரு நாள் ராத்திரி ஜெட்டி வெளக்கு எனக்கு ரெண்டா தெரிஞ்சுச்சு. அன்னைக்கு ஆண்டவன் புண்ணியத்துல கொண்டுபோய்ச் சேத்துட்டேன். ஒரு வெளக்கு ரெண்டா தெரியிறவன் கையில அத்தன சனத்த ஏத்தி விடலாமா? மறுநாளே எழுதிக் குடுத்துட்டேன்."

அதை என்னிடம் சொன்னால் என்ன? கண் போன சாரங் என்று ஊர் பரிதாபப்படும், நீ பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு உட்காருவாய், அது வேண்டாம் என்று இருந்தாராம். கொஞ்சம் கொஞ்சமாகச் சரியாகிவிடும் என்றும் நினைத்தாராம். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவ்வளவு சந்தோஷம். புருஷனுக்குக் கண் தெரியவில்லை என்று சந்தோஷப்பட்ட முதல் பெண்பிள்ளை நானாகத்தான் இருப்பேன்.

சே. தயங்கித் தயங்கிப் பாட்டனில் ஜெட்டி என்றீர்களே என்று கேட்டான். ஆமா, நம்மூரில் ஒரு பிள்ளை தொலைந்தால் முதலில் எங்கே போய்த் தேடுவார்கள் என்று இவர் திருப்பிக் கேட்டார். எங்கே, ஜெட்டியில்தான். எந்தத் தெருவில் இறங்கினாலும் தண்ணீருக்குத்தான் போகும், தொலைந்தது தானாக அங்கே வந்து சேரும். அந்தச் சதுக்கத்தில் எங்கள் குரல் கூட்டத்தில் கலந்து போனதும், கால் எந்தப் பக்கம் இறங்குகிறதோ அந்தப் பக்கம் நடந்திருக்கிறார். தண்ணீர் வரும், படி இருக்கும், ஊர்க்காரர்கள் வந்து போவார்கள், அங்கே உட்கார்ந்தால் போதும் என்று. தீவுக்காரி நானும் கோயில் கோயிலாக ஏறிக்கொண்டிருந்தேன். இவர் செய்ததுதான் சரியான காரியம்.

அப்புறம் இவர் கேட்டார், ஆமாம், நீங்கள் என்ன நினைத்தீர்கள் என்று. சே. தரையைப் பார்த்தான். நான்தான் சொன்னேன். இவர் டம்ளரைத் தடவி பெஞ்சில் வைத்தார். "அடப் பாவிகளா, பைத்தியம்னா முடிவு பண்ணீக?" என்று கேட்டுவிட்டு, எண்ணெய்ப் பாட்டிலுக்குச் சிரித்த அதே சிரிப்பு. டீக்காரர் எல்லோருக்கும் இன்னொரு டீ கொடுத்தார்.

ஜீப்பில் இறங்கும்போது மெதுவாகக் கேட்டார், மலை எப்படி இருந்தது என்று. வாயைத் திறந்தேன். சொல்ல ஒன்றும் இல்லை. இத்தனை தூரம் வந்து, அது எதிரே நின்றபோது, நான் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

நவம்பர் 22. புதன்.

கண் டாக்டர். லாட்ஜ்காரர் சொன்ன இடம். நேபாளக்காரர், கல்கத்தாவில் படித்தவர். ஒரு டார்ச்சை அடித்துப் பார்த்துவிட்டு மோத்தியாபிந்த் என்றார். நம் கண்புரைதான். ஒரு கண்ணில் நன்றாக முற்றிவிட்டது, இன்னொன்று பாதி. பயப்பட ஒன்றும் இல்லை, கல்கத்தாவிலேயே ஆபரேஷன் செய்யலாம், தடிமனான கண்ணாடி போட்டால் பேப்பர் படிக்கலாம். இவரோடு பேசிப் பேசி அவருக்கு ஒரே வேடிக்கை. இந்த ஹிந்தி எந்த ஊர் ஹிந்தி, ஆண்பால் பெண்பால் வித்தியாசம் எதுவும் இல்லையே என்று கேட்டார். அது எங்கள் தீவு ஹிந்தி, வங்காளியும் மலையாளியும் தமிழனும் ஆளுக்கு ஒரு பிடி போட்டுக் காய்ச்சியது என்றேன்.

வெளியே வந்ததும் சே. அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டான். அழுதான். பாவம், அவனும் எத்தனை நாள் சுமந்தான். வீட்டு விஷயம் பேச்சே இல்லை. நானே கேட்டேன், அப்போ விற்கிறதா என்று. எதை என்றான்.

என்ன வீடு, என்ன விற்பது என்று இவர் கேட்டார். ஒன்றும் இல்லை என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னோம்.

நன்றாகத் தூங்க வேண்டும். வாங்க வேண்டியவை: மாஷிக்கு ஒரு சால்வை. ஹெ.எம்.முக்கு ஏதாவது சின்னதாக. தங்கைக்குப் பவழ மாலை, அவளிடம் விஷயத்தைச் சொல்ல வேண்டும், ஜெட்டியில் அழுதாளே. நாளைக்கு பக்தபூர் என்று திட்டம். வேண்டாம், ஜீப்பை மறுபடி நாகர்கோட்டுக்கே சொல்லச் சொன்னேன். சே. உடனே போய்ச் சொல்லிவிட்டு வந்தான்.

நவம்பர் 23. வியாழன். நாகர்கோட்.

இங்கே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தே எழுதுகிறேன். விரல் மரத்துக் கிடக்கிறது, எழுத்து கோணல்.

மேகமே இல்லை. இன்றைக்கு இவரைத் தோளைப் பிடித்து வடக்கே திருப்பி நிறுத்தினேன். நானும் பக்கத்தில் நின்று பார்த்தேன். இந்தத் தடவை நிஜமாகப் பார்த்தேன். இடது கைப் பக்கத்திலிருந்து ஆரம்பி, அவசரம் வேண்டாம் என்றார். நான் ஆரம்பித்தேன், பனி படர்ந்த சிகரங்கள், விண்ணை முட்டும் என்று. பாடப் புத்தகத்தை மூடு டீச்சர், கண்ணில் படுவதைச் சொல்லு என்றார்.

சொன்னேன். முதலில் சாம்பல் நிறம், ஓரமே தெரியாது. அப்புறம் ஒரே ஒரு உச்சியில் கனகாம்பரக் கலர் ஒட்டியது. அது பக்கத்து உச்சிக்கு, அதற்கும் பக்கத்து உச்சிக்கு என்று தாவிக்கொண்டே போகிறது. இப்போது வெள்ளை. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பெரிய அலை எழும்பி, விழாமல் அப்படியே நிற்கிறது. என்ன உசரம் என்றார். நம் ஹாரியட் மலையைக் கொண்டுவந்து அடியில் வைத்தால் மண்மேடு என்று மிதித்துக்கொண்டு போய்விடுவோம் என்றேன். கிட்டத்தில் இருக்கிற மாதிரியா, தூரமா? கையை நீட்டினால் தொடலாம் போல இருக்கிறது, ஆனால் இரைச்சலே இல்லை, அத்தனை பெரியது இத்தனை அமைதியாக இருக்கிறதே என்று பயமாக இருக்கிறது. கீழே? கீழே பள்ளம் முழுக்க மூடுபனி, கடல் மாதிரி. அதில் குன்றுகள் தலையை நீட்டிக்கொண்டு நிற்கின்றன, தீவு மாதிரி.

இவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். குளிரில் மூக்கு நுனி சிவந்து கிடந்தது. நான் நிறுத்தவே இல்லை. வலது பக்கம் ஒரு கூர்மையான சிகரம், அதன் தோளிலிருந்து பனிப் புகை பறக்கிறது, அதற்கு அப்பால் இன்னொன்று என்று சொல்லிக்கொண்டே போனேன். இவர் என் கையைப் பிடித்தார்.

"போதும், நிறுத்து. எல்லாத்தையும் நீயே சொல்லித் தீத்துட்டா நான் எதப் பாக்க? மிச்சத்த கண்ணு வந்ததும் நானே வந்து பாத்துக்கிறேன்."

ஜீப்காரர் ஹாரன் அடிக்கிறார்.